அத்தியாயம் 6: நன்றாக இருக்கும்போதே ஒரு செக்கப்

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தும் கிழமையில் நாலைந்து நாள் முகம் பார்த்துக் கதைக்க முடியாத குடும்பங்கள் மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் நிறைய. கணவருக்கு டண்டினோங் சவுத்தில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். மூன்று மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு பதினொன்றரை ஆகும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது ஒருவர், கூட்டி வருவது மற்றவர். இடையில் உள்ளதெல்லாம் வட்ஸ்அப்பில் போகிறது: "பால் முடிஞ்சுது." "கரண்ட் பில் கட்டியாச்சோ?" "சின்னவனுக்கு நாளைக்கு ஸ்கூல்ல போட்டோ." இந்த வீட்டில் சண்டை இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுக்கடன் தவணை தவறாமல் போகிறது. ஆனாலும் ஐந்து வருடம் இப்படியே ஓடினால், வீட்டை நடத்துவதில் இருவரும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பது மற்றவருக்குத் தெரியாது.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட வீட்டுக்கு எழுதப்பட்டது. பெரிய பிரச்சினை எதுவும் இல்லை என்று சொல்லும் தம்பதிகள்தான் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அடி, பயமுறுத்தல், கட்டுப்படுத்தல் இருக்கும் வீட்டுக்கு இந்த முறை கூடாது. அங்கே என்ன செய்வது என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்டோவா ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். பல்லில் வலி வருமுன்பே பல் வைத்தியரிடம் போய்க் காட்டுகிறோம். திருமணத்தை மட்டும் ஏன் வலி தாங்க முடியாமல் போனபின் காட்டுகிறோம்? அந்தக் கேள்வியிலிருந்து அவர் உருவாக்கியதுதான் 'மேரேஜ் செக்கப்'. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டே அமர்வுகள். முதல் அமர்வில் தம்பதிகள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள், தங்களிடம் உள்ள பலத்தைச் சொல்கிறார்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு கவலைகளை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டாவது அமர்வில் ஆலோசகர் தான் கண்டதைத் திருப்பிச் சொல்லி, என்னென்ன செய்யலாம் என்று சில வழிகளை முன்வைக்கிறார். இது மாதக்கணக்கில் நீளும் சிகிச்சை அல்ல. யாரும் யாரையும் திருத்துவதும் இல்லை.

இதைக் கோர்டோவாவின் குழு 215 தம்பதிகளிடம் பரீட்சித்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்குச் செக்கப் கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து, இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். செக்கப் செய்த தம்பதிகளிடம் நெருக்கமும், 'என்னை உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறார்' என்ற உணர்வும், திருமணத் திருப்தியும் கூடின. மாதங்கள் போகப்போக அது கொஞ்சம் தேய்ந்தது. மறுவருடச் செக்கப் அதைத் திரும்பவும் தூக்கி நிறுத்தியது. கிடைத்த பலன் மலையளவு அல்ல, சிறியதிலிருந்து நடுத்தரம் வரைதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தத் தேய்மானம். ஒருமுறை மனம்விட்டுக் கதைத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறோம். போதாது. திரும்பத் திரும்பச் செய்வதில்தான் இதன் பலன் இருக்கிறது.

அவுஸ்திரேலிய அரசாங்கமும் ஒருமுறை இந்தப் பக்கம் கை நீட்டியது. 2014 ஜூலையில், அப்போதைய சமூகசேவை அமைச்சர் கெவின் அண்ட்ரூஸ் காலத்தில், தம்பதிகள் ஆலோசனைக்குப் போக ஜோடிக்கு 200 டொலர் கூப்பன் தரும் திட்டம் தொடங்கியது. ஒரு லட்சம் ஜோடிகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எதிர்பார்த்த கூட்டத்தில் சிறு பங்குகூட வரவில்லை. அடுத்த வருடமே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கையில் காசைக் கொடுத்தும் மக்கள் போகவில்லை என்றால் தடையாக இருந்தது காசு மட்டும் அல்ல என்பது தெளிவு. 'அங்கே போவது பிரச்சினை உள்ளவர்கள்' என்ற நினைப்பு வெள்ளைக்காரரிடமும் உண்டு, எங்களிடம் இன்னும் கூடுதலாக உண்டு.

ஊரில் இருந்தபோது இந்த வேலையைப் பெரியவர்கள் செய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். அரைவாசி உண்மை. பெரியம்மாவோ மாமாவோ முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பார்கள், கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆனால் விசாரணையின் முடிவு பெரும்பாலும் 'நீ கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை' என்று பெண்ணிடம் வந்து நிற்கும். இங்கே விசாரிக்கப் பெரியம்மாவும் இல்லை, பொறுத்துப் போவதும் முடிவு அல்ல. இருவரும் தாங்களே செய்து பழக வேண்டும். கோர்டோவாவின் முறையை வீட்டிலேயே செய்யும்படி சுருக்கி, எங்கள் குடும்பங்களுக்குத் தோதாக மாற்றித் தந்திருக்கிறேன்.

திகதியும் இடமும்

'நேரம் கிடைக்கும்போது கதைப்போம்' என்றால் நேரம் கிடைக்காது. திகதி போடுங்கள். என் பரிந்துரை ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு. அன்று விடியற்காலை மூன்று மணிக்கு விக்டோரியாவில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். வருடம் முழுவதும் நேரமில்லை என்று ஓடுபவர்களுக்கு அரசாங்கமே ஒரு மணித்தியாலம் தருகிற நாள் அது. கலியாண நாளில் வைக்காதீர்கள். அன்றைக்குச் சேலையும் கேக்கும் போட்டோவும் இருக்கட்டும். கவலையைப் பேசப்போய் அந்த நாளில் கறை படியக்கூடாது. ஜூலையில் வரிக் கணக்குக்காகக் கடதாசிகளை விரித்து வைத்திருக்கும் இரவும் வேண்டாம். இலக்கங்கள் முன்னால் கிடந்தால் பேச்சு காசைத் தாண்டிப் போகாது.

ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள் ரோஸ்டர் வந்தவுடன் இருவருக்கும் பொதுவான ஓய்வுநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையில் இதை ஒருபோதும் தொடங்க வேண்டாம். நித்திரை இல்லாத மனிதன் சொல்லும் வார்த்தை அவனுடைய வார்த்தை அல்ல.

இடம், வீட்டுக்கு வெளியே. குசினியில் உட்கார்ந்தால் கழுவாத சட்டி கண்ணில் படும், பிள்ளை இடையில் வரும். பிள்ளைகளை இரண்டரை மணித்தியாலம் ஒரு சிநேகிதக் குடும்பத்தில் விடுங்கள்; அவர்களுடைய முறை வரும்போது அவர்களின் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நோபல் பார்க் ஸ்டேஷனில் 2018-ல் ரயில் பாதையை மேலே தூக்கியபின் அதன் கீழே ஜெரிங் ட்ரெயில் என்ற நடைபாதை ஓடுகிறது. அதில் யரமன் பக்கமாகவோ சான்டவுன் பார்க் பக்கமாகவோ நடக்கலாம். எங்கள் ஆண்கள் பலருக்கு மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கதைப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டு கதைப்பது லேசு. முதல் பகுதியை நடந்து முடித்து, கவலையைப் பேசும்போது ரோஸ் ரிசேர்வில் ஒரு வாங்கில் அமருங்கள். கோவிலில் வேண்டாம். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவில் வாசலில் நின்றால் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் வந்து சுகம் கேட்பார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஒரு கொப்பி, இரண்டு பேனை. போன்கள் காரில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காகச் சத்தத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

செய்யும் முறை

முதல் அரை மணித்தியாலம் கதை சொல்வதற்கு. எப்படிச் சந்தித்தோம், அல்லது எப்படிப் பேசிச் செய்தார்கள். முதல் நாள் போனில் என்ன கதைத்தோம். இந்த நாட்டில் முதல் வாடகை வீடு எது. எந்தக் கஷ்டத்தை இருவருமாகத் தாண்டினோம். தெரிந்த கதைதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். ஒரே கதையில் நீங்கள் ஞாபகம் வைத்திருக்கும் பகுதி வேறு, உங்கள் துணை ஞாபகம் வைத்திருக்கும் பகுதி வேறு. புதுவருடம் பிறந்த இரவு டண்டினோங்கில் முதல் வாடகை வீட்டின் வெறும் தரையில் கம்பளி விரித்துப் படுத்ததைக் கணவர் கஷ்டம் என்று சொல்வார். மனைவி அதைத்தான் தன் வாழ்க்கையின் சந்தோஷமான இரவு என்று சொல்லக்கூடும். அதைக் கேட்கத்தான் இந்த அரை மணித்தியாலம்.

அடுத்தது பலம். ஆளுக்கு மூன்று, துணை செய்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். 'நீர் நல்ல அம்மா' என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் ஆகாது. 'மாமிக்கு ஒப்பரேஷன் நடந்த கிழமை நீர் உம்முடைய லீவை எல்லாம் எடுத்து டண்டினோங் ஆஸ்பத்திரியில் நிண்டீர், நான் அதுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை' என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குறை சொல்ல வரும். பாராட்ட வாய் வராது. அதனால் வருமுன்பே கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள், பார்த்து வாசித்தாலும் குற்றம் இல்லை. கேட்பவர் 'அது பரவாயில்லை' என்று தட்டிவிடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை முடிக்காமல் கவலைக்குப் போகாதீர்கள்.

பிறகு கவலை. ஆளுக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. கோர்டோவா இரண்டு வரை விடுகிறார், ஆனால் அங்கே நடுவில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். வீட்டில் ஒன்றே போதும். மற்றவை அடுத்த முறைக்கு.

கவலையை எடுக்கும் விதம் மிக முக்கியம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் கொட்மன் பல வருடங்கள் தம்பதிகளை ஆய்வுகூடத்தில் உட்காரவைத்து அவர்கள் கருத்து வேறுபாட்டைப் பேசுவதைப் பதிவு செய்தார். 124 புதுமணத் தம்பதிகளை வைத்து 1999-ல் வெளியான ஆய்வில், 15 நிமிட உரையாடலின் முதல் 3 நிமிடத்தை வைத்தே, அடுத்த ஆறு வருடத்தில் யார் பிரிவார்கள் என்பதற்கான அடையாளம் தெரிந்தது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடுமையாகவே முடிந்தது. ஆகவே 'நீங்கள் எப்பவும்', 'நீர் ஒருநாளும்' என்று தொடங்கும் வசனங்களை அன்று எடுக்கவே வேண்டாம். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அப்போது உங்களுக்கு உள்ளே என்ன செய்தது என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அன்று ஒரே வேலைதான்: அது ஏன் நோகுது என்று விளங்கும்வரை கேட்பது. பதில், விளக்கம், நியாயம் எல்லாம் அதற்குப் பிறகு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீடுகளில் அடிக்கடி வரும் ஒரு விஷயத்தை, ஊருக்குக் காசு அனுப்புவதை, எடுத்துக்கொள்வோம். மனைவியின் கவலை அது.

"உங்கட தங்கச்சிக்கு மாசியிலை காசு அனுப்பினதை அவ போனிலை சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

வழமையான பாதை என்றால் கணவர் "என்ர சகோதரத்துக்குச் செய்யக்கூடாதோ?" என்பார். அதோடு பேச்சு தங்கச்சியைப் பற்றியதாகி, பிறகு மாமியைப் பற்றியதாகி, அரை மணித்தியாலத்தில் கலியாண வீட்டுச் சீதனம் வரை போய்விடும். செக்கப்பில் அவர் கேட்க வேண்டியது வேறு.

"சரி. அதிலை உமக்கு எது கூட நோகுது? சொல்லும்."

"காசு போனது இல்லையப்பா. நான் டபிள் ஷிப்ட் செய்து கொண்டு வாறன். அது எங்கை போகுது எண்டு இன்னொரு ஆள் சொல்லி நான் கேக்கிறன். அவ 'அண்ணி தாங்ஸ்' எண்டு சொல்லேக்கை என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. இந்த வீட்டிலை நான் ஆர் எண்டு இருந்துது."

"நான் உம்மை ஒரு ஆளாவே எடுக்கேல்லை எண்டு இருந்துது."

"ஓம். அதுதான்."

இப்போதுதான் அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம்.

"சொன்னா நீர் யோசிப்பீர் எண்டுதான் சொல்லேல்லை. வேறை ஒண்டும் இருக்கு. நான் இங்கை வரேக்கை ஏஜென்சிக்குக் காசு காணாமல் போச்சு. தங்கச்சி தன்ர கொடியை அடகு வைச்சுத் தந்தவ. அது மூழ்கிப் போச்சு. அவ இண்டைக்கும் மஞ்சள் கயிறோடதான் நிக்கிறா."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"வெக்கம்."

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் செக்கப்பின் வேலை பெரும்பாலும் முடிந்தது. காசு அனுப்புவதா இல்லையா என்ற வழக்கில் தொடங்கியவர்கள், ஒருவருக்கு மதிப்பில்லாமல் போன நோவையும் மற்றவருக்கு இருந்த கடனையும் வெட்கத்தையும் பார்த்துவிட்டார்கள். கோர்டோவாவின் ஆலோசகர்கள் தேடுவதும் இதைத்தான். ஒவ்வொருவர் செய்வதற்கும் அடியில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு காரணம் இருக்கும், அது வெளியே வந்தால் எதிரே இருப்பவரின் கோபம் தானாக இளகும் என்பது அவர்களின் அனுபவம்.

கடைசியாகக் கொப்பியில் எழுதுவது. ஒரு கவலைக்கு ஒரு செயல். பெரிய சத்தியம் வேண்டாம். மேலே சொன்ன வீட்டில் அது இப்படி இருக்கலாம்: '500 டொலருக்குக் கீழ் என்றால் அனுப்புமுன் சொல்வது, அனுமதி கேட்பது அல்ல, சொல்வது. அதற்கு மேல் என்றால் இருவருமாக முடிவெடுப்பது. சித்திரைக்குத் தங்கச்சியோடு மனைவியே முதலில் போனில் கதைப்பது.' கீழே திகதி. இருவரும் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை, இது உறுதிப்பத்திரம் அல்ல.

எல்லாக் கவலைக்கும் இப்படி முடிவு கிடைக்காது. தம்பதிகளுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளில் ஏறக்குறைய 69 வீதம் ஒருபோதும் முற்றாகத் தீர்வதில்லை என்பது கொட்மனின் கணக்கு. ஒருவர் சேமிப்பவர், மற்றவர் செலவழிப்பவர். ஒருவருக்கு வீட்டில் விருந்தாட்கள் நிறைய வேண்டும், மற்றவருக்கு அமைதி வேண்டும். வருடாவருடம் அதே கவலை கொப்பியில் வந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். போன வருடத்தைவிடக் குறைந்த சூட்டோடு அதைப் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இடையில் 7 நிமிடம்

வருடத்துக்கு ஒருமுறை என்பது நீண்ட இடைவெளி. அதை நிரப்ப அமெரிக்க உளவியலாளர் ஈலை ஃபிங்கலும் அவருடைய குழுவும் சிக்காகோப் பகுதியில் 120 தம்பதிகளிடம் பார்த்த ஒரு சிறிய பயிற்சி உதவும். 2013-ல் அதன் முடிவு வெளியானது. முதல் வருடம் யாருக்கும் எந்தப் பயிற்சியும் இல்லை. எல்லாத் தம்பதிகளுக்கும் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாம் வருடம் பாதிப் பேரிடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 7 நிமிடம் எழுதச் சொன்னார்கள். அண்மையில் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாவது மனிதர் ஒருவர் பார்த்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பார் என்று எழுத வேண்டும். அப்படிப் பார்க்க எனக்கு என்ன தடை, அடுத்த சண்டையில் அந்தப் பார்வையை எப்படிக் கொண்டுவருவேன் என்றும் எழுத வேண்டும். வருடத்தில் மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களுக்குத் திருப்தி குறைவது நின்றது. எழுதாதவர்களுக்குத் தொடர்ந்து குறைந்தது.

ஏப்ரலில் செக்கப் என்றால் ஓகஸ்ட்டிலும் டிசம்பரிலும் இந்த 7 நிமிடத்தைச் செய்யுங்கள். தனித்தனியாக எழுதினால் போதும், காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில் இடைவேளை நேரத்தில் போனிலேயே எழுதலாம். அந்த மூன்றாவது மனிதராக உங்கள் அம்மாவை நினைக்காதீர்கள். அவ உங்கள் பக்கம்தான் நிற்பா.

பல வருடம் பிரிந்திருந்து சேர்ந்தவர்கள்

இந்தப் பகுதியை நோபல் பார்க்கிலும் டண்டினோங்கிலும் உள்ள பல வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களால் மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிட முடியவில்லை. 2023 பெப்ரவரியில் அவர்களுக்கு 851 என்ற நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. அதன்பின் பத்து வருடத்துக்கு மேலாகப் போனில் மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் ஒரே கூரையின் கீழ் வரத் தொடங்கினார்கள். துல்லாமரீன் விமானநிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத படத்தை எல்லோரும் பார்க்கிறோம். மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

கணவர் இத்தனை வருடம் நாலைந்து ஆண்களோடு ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தவர். தன் நேரத்துக்குச் சாப்பிட்டு, தன் நேரத்துக்குப் படுத்தவர். மனைவி ஊரில் வீடு கட்டுவித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்து, காணிப் பிரச்சினைக்குக் கச்சேரி ஏறி இறங்கி, எல்லா முடிவும் தானே எடுத்தவ. இங்கே வந்து இறங்கியதும் அவவுக்கு ரயில் ஏறத் தெரியாது, மைக்கி அட்டை எதற்கென்று தெரியாது, பாஷை தெரியாது. ஆளுமை உள்ள ஒரு பெண் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் கேட்டு நிற்கும் ஆளாகிவிடுகிறா. அவருக்கோ, போனில் சிரித்த பிள்ளை நேரில் 'அப்பா' என்று கூப்பிடத் தயங்குவது தாங்க முடியாமல் இருக்கிறது. இருவரிலும் பிழை இல்லை. ஆனால் அவர் 'இவ மாறிப்போனா' என்றும், அவ 'இவர் நான் கலியாணம் கட்டின ஆள் இல்லை' என்றும் நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார்கள்.

உங்களுக்கு வருடச் செக்கப் போதாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். கதை சொல்லும் பகுதியில் பிரிந்திருந்த காலத்தையே எடுங்கள். அவர் கேட்க வேண்டியது: 'நான் இல்லாத காலத்திலை நீர் தனிய எடுத்த முடிவுகளிலை எது ஆகக் கஷ்டம்?' அவ கேட்க வேண்டியது: 'அந்த வீட்டிலை சுகமில்லாமல் படுத்தா உங்களை ஆர் பாத்தது?' போனில் கவலைப்படுத்தக்கூடாது என்று இருவரும் மறைத்தவை நிறைய இருக்கும். ஒரே இருப்பில் எல்லாம் வெளிவர வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். கொப்பியில் எழுதும் முதல் செயல் மனைவியின் கையில் ஏதாவது ஒரு முடிவைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கட்டும்: வீட்டுச் செலவுக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூட விஷயம், ஆங்கில வகுப்பு, கார் லைசென்ஸ்.

சிறை, சித்திரவதை, போர்க்கால இழப்பு ஆகியவற்றின் நிழல் வீட்டுக்குள் இருந்தால், நித்திரையில் கத்தினால், சிறு சத்தத்துக்கும் கை நடுங்கினால், அதைத் துணையின் அன்பால் மட்டும் ஆற்றிவிட முடியாது. 1987-ல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸ் இதற்கென்றே விக்டோரியாவில் இயங்குகிறது. டண்டினோங்கில் அலுவலகம் உண்டு, அகதிகளுக்குச் சேவை இலவசம்.

செய்யக்கூடாத வீடு

மனம்திறந்து சொன்ன வார்த்தைக்கு வீட்டுக்குப் போனபின் அடி விழும் என்றால், போன் பறிக்கப்படும் என்றால், 'விசாவை நிற்பாட்டுவன்' என்று சொல்லப்படும் என்றால், அந்த வீட்டில் செக்கப் செய்யாதீர்கள். பயத்தில் இருப்பவரிடம் கவலையைச் சொல்லச் சொல்வது அவரை மேலும் ஆபத்தில் விடுவது. 1800 737 732 எந்நேரமும் எடுக்கக்கூடிய தேசிய உதவி இலக்கம். விக்டோரியாவில் சேஃப் ஸ்டெப்ஸ் 1800 015 188. புலம்பெயர்ந்த பெண்களுக்கென்றே இன்டச் என்ற மெல்பேர்ண் நிறுவனம் இருக்கிறது, 1800 755 988. உடனடி ஆபத்து என்றால் 000. துணைவி விசாவில் வந்த பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், கணவரின் ஆதரவு இல்லாமலும் நிரந்தர விசா விண்ணப்பத்தைத் தொடர்வதற்குக் குடிவரவுச் சட்டத்தில் இடம் உண்டு. சட்ட ஆலோசனை பெறாமல் பயந்து ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள்.

வெளியாள் தேவைப்பட்டால்

இரண்டு முறை முயன்றும் கவலைப் பகுதி சண்டையில் முடிந்தால் நடுவில் ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ரிலேஷன்ஷிப்ஸ் அவுஸ்திரேலியா 1948-ல் தொடங்கிய அமைப்பு. 1300 364 277 என்ற இலக்கத்தில் கூப்பிட்டால் உங்களுக்குக் கிட்டிய நிலையத்தைச் சொல்வார்கள். குடும்ப உறவு ஆலோசனை இலக்கம் 1800 050 321. தம்பதி ஆலோசனைக்கு மெடிகேர் இல்லை. ஆகவே கட்டணத்தையும், வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைப்பு உண்டா என்பதையும் முதல் அழைப்பிலேயே கேளுங்கள். பெரிய கம்பனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்பவர்களுக்கு வேலைத்தலமே சில அமர்வுகளை இலவசமாகத் தருவது உண்டு. அதை மனைவி அல்லது கணவரும் சேர்ந்து பாவிக்கலாமா என்று எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

பாஷை தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், டிஐஎஸ் நெஷனல் இலக்கம் 131 450. எங்கள் சமூகம் சிறியது. வரும் மொழிபெயர்ப்பாளர் உங்கள் மச்சாளின் சிநேகிதியாக இருக்கலாம் என்ற பயம் நியாயமானது. அவர்கள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள், இருந்தாலும் மனம் கேட்காது. அப்படியென்றால் போன் மூலம் வேறு மாநிலத்திலிருந்து ஒருவரைக் கேட்கலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆணா பெண்ணா என்ற விருப்பத்தையும் சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கண்ணீரை ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது.

துணை மறுத்தால்

பெரும்பாலும் மறுப்பது கணவர்மார். 'எங்களுக்கு என்ன குறை, நல்லாத்தானே இருக்கிறம்' என்பார்கள். வாதாட வேண்டாம். 'ஓம், நல்லா இருக்கிறம், அதாலைதான் கேக்கிறன்' என்று சொல்லுங்கள். கவலைப் பகுதியை முதல் வருடம் முழுவதுமாக விட்டுவிடலாம். கதையும் பலமும் மட்டும் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் அவர் செய்ததில் மூன்றை எழுதி அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுங்கள். மறுப்பது மனைவி என்றால் முன்னர் எப்போதோ மனம்விட்டுச் சொன்னது பிறகு ஒரு சண்டையில் அவவுக்கே எதிராகத் திரும்பி வந்திருக்கக்கூடும். அப்படியா என்று கேளுங்கள், ஓம் என்றால் அதற்கு மன்னிப்புக் கேட்பதுதான் உங்கள் முதல் செக்கப். 7 நிமிட எழுத்துக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. அதை நீங்கள் மட்டும் இந்த ஓகஸ்ட்டிலேயே தொடங்கி, ஏப்ரல் வரும்போது திரும்பக் கேட்டுப் பாருங்கள்.